கண்ணாடிக்குள் ஒரு சங்கு: லினோ அச்சில் இடவலத்தையும் ஒளி இருளையும் திருப்பிப் போட முழுமையான வழிகாட்டி

ஒரு சாதாரணச் சங்கை எதிரே வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிறபடியே, உளியால் வெட்டி அச்செடுக்கும் லினோ தகட்டில் வரையுங்கள். கோடு பிசகாமல் வெட்டி, மை தடவி, தாளில் ஒற்றி எடுங்கள். தாளில் வருவது நீங்கள் பார்த்த சங்காக இருக்காது. அது வலம்புரிச் சங்கு. சங்கு குளிப்பவர்கள் அரிதினும் அரிதாகவே காணும் அந்தச் சங்கை, அச்சின் இயல்பு ஒரே அழுத்தலில் கையில் கொடுத்துவிடுகிறது.

1650-ல் ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் வரைந்து அச்செடுத்தார். கறுப்பு உடலில் வெள்ளைத் திட்டுகள், பின்னால் நிழல், பார்ப்பவர் கையை நீட்டி எடுக்கத் தோன்றும் அளவுக்கு உயிருள்ள படம். ஆனால் அதன் சுருள் இயற்கையில் இருப்பதற்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதே படத்தின் கீழே அவருடைய கையெழுத்து நேராகப் படிக்க வருகிறது. பெயரைத் தகட்டில் திருப்பி எழுதியவர், சங்கைத் திருப்பாமல் விட்டுவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்துதான் லினோ கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் பாடமாகச் சங்கையே கொடுக்கிறேன். பூவையோ மீனையோ வெட்டினால், இடவலம் மாறினாலும் யாருக்கும் தெரியாது. சங்கு காட்டிக் கொடுத்துவிடும். கூடவே அடியில் ‘சங்கு’ என்ற சொல்லையும் வெட்டப்போகிறோம். எழுத்து இன்னும் கறாரான சாட்சி.

முதலில் சங்கின் திசை

சங்கை இப்படிப் பிடியுங்கள்: சுருள் முனை கீழே, அபிஷேக நீர் வழியும் நீண்ட முனை மேலே, திறந்த வாய் உங்களைப் பார்த்து. வாய் இடப்பக்கம் இருந்தால் இடம்புரி, வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. சந்தையில் கிடைப்பவை ஏறத்தாழ எல்லாமே இடம்புரிதான்.

உயிரியல் நூல்களைப் புரட்டினால் குழப்பம் வரும். நாம் வலம்புரி என்பதை அவர்கள் இடச்சுழல் என்பார்கள். காரணம் எளிது: அவர்கள் சுருள் முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். தலைகீழாகப் பிடித்தால் வாய் பக்கம் மாறிவிடுகிறது. ஆனால் எப்படிப் பிடித்தாலும் இடம்புரி வலம்புரியாக ஆகிவிடாது, பெயர்தான் மாறும். சங்கையே மாற்றுவது கண்ணாடி ஒன்றுதான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தலைகீழாகச் சுழற்றுவது வேறு, கண்ணாடிபோல் இடவலம் மாற்றுவது வேறு. கணினியில் படத்தைத் தயார் செய்கிறவர்கள்கூட இங்கேதான் தவறுகிறார்கள்; ‘திருப்பு’ என்று நினைத்துப் படத்தை 180 பாகை சுழற்றி வைத்துவிடுகிறார்கள்.

தேவையானவை

சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள லினோ தகடு, 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவில் ஒரு துண்டு போதும். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து, சணல் துணியின் மேல் அழுத்திச் செய்த பொருள் இது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வீட்டுத் தரைவிரிப்பாகப் பிறந்தது. மரம்போல இதில் ரேகை கிடையாது. உளி எந்தத் திசையிலும் ஒரே மாதிரி ஓடும். ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

ஒரு வி உளி, ஒரு சிறிய யு உளி, ஒரு பெரிய யு உளி, ரப்பர் ரோலர், அச்சு மை, மையைப் பரப்ப ஒரு கண்ணாடித் துண்டு, டிரேசிங் தாள், 4பி பென்சில், மெல்லிய தாள்கள், அடி வழவழப்பான ஒரு எவர்சில்வர் கரண்டி. அச்சு எந்திரம் வேண்டாம். அந்தக் கரண்டிதான் நம் எந்திரம்.

படி 1: எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணுங்கள்

வரைவதற்கு முன்பே செய்ய வேண்டிய கணக்கு இது. படம் ஒரு பரப்பின் மேல் முகம் கவிழ்ந்து ஒட்டி, வேறொரு பரப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இடவலம் ஒருமுறை மாறும். மொத்தம் இரட்டைப்படையில் மாறினால் கடைசியில் நேராக வரும். ஒற்றைப்படையில் மாறினால் கண்ணாடிப் படமாக வரும்.

டிரேசிங் தாளில் 4பி பென்சிலால் சங்கை நேராக வரைகிறீர்கள். தாளைக் கவிழ்த்து லினோவின் மேல் வைத்து, பின்பக்கம் கரண்டியால் தேய்க்கிறீர்கள். கரி லினோவில் ஒட்டுகிறது: ஒன்று. லினோவிலிருந்து தாளில் அச்சு விழுகிறது: இரண்டு. நேராக வரும்.

கார்பன் தாளை வைத்து மேலிருந்து வரைந்தால்? லினோவில் படம் அப்படியே இறங்குகிறது, திரும்பவில்லை. அச்சில் மட்டும் ஒருமுறை மாறும். ஆகவே கார்பன் தாளைப் பயன்படுத்துகிறவர்கள் டிரேசிங் தாளை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டு, ஊடே தெரியும் கோட்டின் மேல்தான் வரைய வேண்டும். கணினியில் அச்சிட்ட தாளை முகம் மேலாக லினோவில் ஒட்டி, தாளோடு சேர்த்து வெட்டுகிறவர்களும் இடவலம் மாற்றிய படத்தைத்தான் அச்சிட வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கணினியில் ஒருமுறை திருப்பி, பிறகு தாளைக் கவிழ்த்தும் தேய்த்தால் எல்லாம் பாழ். நான் முதலில் சொன்ன முறையையே பரிந்துரைக்கிறேன். அதில் மனம் எதையும் திருப்ப வேண்டியதில்லை, தாளே திரும்பிக்கொள்கிறது.

புகைப்படக் கலையின் தொடக்க காலத்திலும் இதே கணக்குத்தான் பலரை ஏமாற்றியது. உலோகத் தகட்டில் நேரடியாக விழுந்த படத்துக்கு இரண்டாவது திருப்பம் கிடையாது. அதனால் அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குச் சட்டைப் பொத்தான்கள் மறுபக்கம் இருக்கும். அமெரிக்காவின் பில்லி தி கிட் என்ற துப்பாக்கிக்காரன் இடக்கைப் பழக்கமுள்ளவன் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இருந்த ஒரே ஆதாரம் அப்படிப்பட்ட ஒரு தகரப் படம். அவன் பிடித்திருந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வழி வலப்பக்கம்தான் உண்டு, படத்திலோ இடப்பக்கம் தெரிந்தது. அந்தச் சிறு இரும்பு மூடிதான் உண்மையைச் சொன்னது. உங்கள் வரைபடத்திலும் அப்படி ஒரு அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சங்கின் வாய் இருக்கிறது.

படி 2: தகட்டுக்குப் பூச்சு

மெல்லிய உப்புத்தாளால் லினோவின் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். படத்தை அதன்மேல் கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். கோடுகளை அழியாத மார்க்கர் பேனாவால் உறுதிப்படுத்துங்கள். அதன் பிறகு, நீர் கலந்த மையையோ மெல்லிய வண்ணத்தையோ ஒரு பூச்சுப் பூசுங்கள். அடியில் கோடு தெரிகிற அளவுக்குத்தான். இந்தப் பூச்சைப் பலர் வீண்வேலை என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். தகடு கருத்துவிட்டால், உளி பட்ட இடமெல்லாம் வெளுப்பாகத் தெரியும். தாளில் வரப்போகும் வெள்ளையும் கறுப்பும் தகட்டிலேயே கண்ணுக்கு முன் உருவாகும்.

படி 3: எழுத்து

தகட்டில் ‘சங்கு’ இப்படி அமைய வேண்டும்: இடப்பக்கம் முதலில் கு, நடுவில் ங், வலக்கோடியில் ச. வரிசையும் மாற வேண்டும், ஒவ்வொரு எழுத்தின் வடிவமும் மாற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது தொடக்கக்காரர்களின் வழக்கமான பிழை. ‘கொ’ போன்ற எழுத்து வந்தால் தகட்டில் கொம்பு வலப்பக்கம் போகும், கால் இடப்பக்கம் வரும். ப ஒன்று ஏமாற்றாத எழுத்து. இடவலம் மாற்றினாலும் ப தான். ட-வும் ழ-வும் அப்படி அல்ல.

என் தங்கையின் புதுமனை புகுவிழாவுக்கு ‘வாழ்க’ என்று ஒரு தகடு வெட்டினேன். டிரேசிங் தாள் கைவசம் இல்லை. எழுத்துகளைத் திருப்பி எழுதக் கைக்குப் பழகிவிட்டது என்ற நம்பிக்கையில் மார்க்கரால் நேரே தகட்டிலேயே எழுதினேன். வா சரியாகத் திரும்பியது, க திரும்பியது. சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான முறை எழுதிய அந்த ழ-வைக் கை தன் போக்கில் நேராகவே போட்டுவிட்டது. மூன்று மாலை வெட்டியும் கண்ணில் படவில்லை. முதல் அச்சில், நேராக நின்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் ழ முதுகு காட்டி நின்றது. லினோவில் வெட்டியதை நிரப்ப வழியில்லை. அன்றிலிருந்து ஒரே ஒரு எழுத்தானாலும் தேய்த்துத்தான் இறக்குகிறேன்.

பழைய அச்சகங்களில் இதற்கு நல்ல பழக்கம் ஒன்று இருந்தது. 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் அச்சானதிலிருந்து கணினி வரும்வரை தமிழை அச்சேற்றிய உலோக எழுத்துகள் எல்லாம் கண்ணாடி வடிவில் வார்க்கப்பட்டவை. அச்சுக்கோப்பவர்கள் அவற்றைத் தலைகீழாக நிறுத்தி, இடமிருந்து வலமாகவே கோத்தார்கள். இடவலம் மாறிய வரியைத் தலைகீழாக்கினால் வரிசை மீண்டும் இடமிருந்து வலமாகிவிடும். எழுத்துகள் மட்டும் கவிழ்ந்து நிற்கும். நீங்களும் தகட்டைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். இடப்பக்கத்திலிருந்து ச, ங், கு என்று வரிசையாக வந்தால் சரி.

படி 4: ஒளியை வரையக் கற்பது

இடவலம் திரும்புவதைத் தாள் பார்த்துக்கொள்கிறது. ஒளியும் இருளும் திரும்புவதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கலையின் கடினமும் இன்பமும் இங்கேதான் இருக்கின்றன.

பென்சில் கறுப்பைச் சேர்க்கும் கருவி. உளியோ கறுப்பை எடுக்கும் கருவி. வெட்டாமல் விட்டால் இருள், வெட்டினால் வெளிச்சம். பழைய ஸ்டுடியோ நெகட்டிவை ஜன்னல் ஓரம் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் தெரியும்: தாத்தாவின் வெள்ளை வேட்டி கரியாகவும், கறுத்த மீசை வெளுப்பாகவும் தெரியும். 1835-ல் இங்கிலாந்தில் புகைப்பட முன்னோடி டால்பட் தன் வீட்டு ஜன்னலைச் சிறு தாளில் படமெடுத்தபோது கிடைத்ததும் அதுதான். கண்ணாடிச் சதுரங்கள் கறுப்பாகவும், சட்டங்கள் வெளுப்பாகவும் இருந்தன. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களை 1840-ல் கொடுத்தவர் விஞ்ஞானி ஹெர்ஷல்.

நம் வீடுகளில் இந்தப் பயிற்சி புதிதல்ல. விடியலில் சாணம் தெளித்த கருநிலத்தில் வெள்ளை மாவால் கோலம் போடுகிறவர்கள் நாள்தோறும் ஒளியைத்தான் வரைகிறார்கள். கோலம் போட்டுப் பழகியவர்கள் லினோவை மற்றவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உளியை அவர்கள் மாவைப்போல ஓட விடுகிறார்கள்.

கோலம் தெரியாதவர்கள் ஒரு கறுப்புத் தாளும் வெள்ளைப் பென்சிலும் வாங்கி, சங்கை ஐந்தாறு முறை வரைந்து பழகுங்கள். வெளிக்கோட்டில் தொடங்காதீர்கள். விளக்கை ஒரு பக்கம் வைத்து, சங்கின் எந்த இடம் மிகவும் பளிச்சென்று இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள். நிழல் பக்கத்தில் எதையும் வரையாதீர்கள். அது பின்னணியின் கறுப்போடு கரைந்து போகட்டும். 1930-ல் ஓவியர் நந்தலால் போஸ் தடியூன்றி நடக்கும் காந்தியை லினோவில் வெட்டினார். கறுப்பில் சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

படி 5: வெட்டுதல்

தகட்டைச் சில நிமிடம் வெயிலில் வையுங்கள். இளகிய லினோவில் உளி வெண்ணெயில் போவதுபோல் போகும். குளிர்ந்த லினோ பொடிப்பொடியாக உதிரும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் ஒருபோதும் கூடாது. உளி வழுக்கினால் பாயும் திசையில் விரல் இருக்கக் கூடாது என்பதே இதில் மீறவே கூடாத விதி.

சங்கின் சுருளில் தொடங்குங்கள். வி உளியைத் தாழ்வாகச் சாய்த்து, மேற்பரப்பைக் கீறும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். சுருளின் வளைவில் உளியைத் திருப்பாதீர்கள். உளி நிற்கட்டும், இடக்கை தகட்டைச் சுழற்றட்டும். மெல்லிய லினோ இழை ஒன்று உளியின் முன் சுருண்டு எழும். அது அறுபடாமல் வந்தால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஒளிபட்ட மேட்டில் கோடு அகலமாகத் தொடங்கி, நிழலை நெருங்க நெருங்க உளியை மெல்லத் தூக்க வேண்டும். கோடு கூர்ந்து, கூர்ந்து, கறுப்புக்குள் மறையும். அடுத்த கோடு அதன் பக்கத்தில், ஒரு அரிசி அகலம் தள்ளி. இருபது கோடுகளில் ஓட்டின் உருண்டை கைக்குத் தட்டுப்படும்.

வாயின் உட்புறத்தில் மட்டும் சிறிய யு உளியால் ஓர் அகலமான வெள்ளையை எடுங்கள். ஆழம் தகட்டின் பாதிக்கு மேல் வேண்டாம்; சணல் துணி தெரிந்தால் ஆழம் மிஞ்சிவிட்டது. கறுப்பாக நிற்க வேண்டிய மெல்லிய கோடுகளின் பக்கங்கள் சரிவாக இருக்கட்டும். அடியைக் குடைந்துவிட்டால் அச்சின் அழுத்தத்தில் சரிந்துபோகும்.

எழுத்துகளையும் வெள்ளையாகவே வெட்டுங்கள், ஒரே வி உளிக் கோட்டில். ங்-இன் மேல் இருக்கும் புள்ளிக்குச் சிறிய யு உளியை ஏறக்குறைய செங்குத்தாக ஊன்றி, தகட்டை ஒரு முழுச் சுற்று சுழற்றுங்கள். வட்டமான புள்ளி ஒரு வில்லையாகக் கழன்று வரும். ஓலை கிழியும் என்று சுவடிகளில் புள்ளி வைக்காமல் விட்டார்கள்; லினோவில் அந்தப் பயம் இல்லை.

படி 6: மை தொடும் முன் பார்த்துக்கொள்ளுதல்

தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கைவாட்டில் தேய்த்தால் வெட்டு அப்படியே தெரியும். ஆனால் அது தகட்டின் திசையிலேயே இருக்கும், அச்சின் திசையில் இருக்காது. அந்தத் தாளைப் புரட்டி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரப்போகும் அச்சு அதுதான். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் தகட்டைக் காட்டினாலும் போதும். பெரும்பாலான கைப்பேசிகள் திரையில் கண்ணாடிபோலவே காட்டும். எழுத்து படிக்க வந்தால் எல்லாம் சரி.

படி 7: மையும் அச்சும்

கண்ணாடியின் மேல் சிறிதளவு மையை வைத்து ரோலரால் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் பரப்புங்கள். இங்கே காதைப் பயன்படுத்துங்கள். மை அதிகமானால் ரோலர் சப்புக்கொட்டும் ஒலியுடன் ஓடும், பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் இருக்கும். அளவானால் சன்னமான சீறல் ஒலி கேட்கும், பரப்பு வெல்வெட்போல் இருக்கும். தகட்டில் மெல்லிய பூச்சுகளாக நான்கைந்து முறை ஏற்றுங்கள். ஒரே முறையில் தடித்துப் பூசினால் மெல்லிய கோடுகள் மையில் மூழ்கிவிடும். நீரில் கரையும் மை நம் ஊர் வெயிலில் சட்டென்று காயும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

அட்டையில் ‘ட’ வடிவில் ஒரு மூலை வெட்டி மேசையில் ஒட்டிவிட்டால் தகடும் தாளும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். தாளை ஒரு முனையிலிருந்து மெல்ல இறக்குங்கள், விழுந்த பிறகு நகர்த்தாதீர்கள். மேலே ஒரு பட்டர் தாளை வைத்து, கரண்டியின் அடியால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு வட்டங்களாகத் தேய்யுங்கள். தடித்த கைவினைத் தாள்கள் அழகானவை, ஆனால் கரண்டிக்கு அவை மசியாது. மெல்லிய தாளே நல்லது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு பின்பக்கம் ஊறித் தெரியும், எங்கே விட்டுப்போனது என்று கண்டுகொள்ளலாம்.

ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு வெளிறியிருந்தால் தாளின் மறுபாதி ஒட்டியிருக்கும்போதே அந்த இடத்தில் மட்டும் மீண்டும் மை ஏற்றி, தாளை இறக்கித் தேய்க்கலாம். முதல் இரண்டு அச்சுகள் எப்போதும் வெளிறித்தான் வரும். மூன்றாவதிலிருந்து தகடு மையை ஏற்கும்.

நிறைவாக வந்த தாளைக் கொடியில் மாட்டுங்கள். எண்ணெய் மையாக இருந்தால் தகட்டைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்பு நீர் தொட்டுத் துடையுங்கள். தகடு உலர்ந்ததும் அதை அச்சின் பக்கத்தில் வையுங்கள். தாளில் ஒரு சங்கு, வாய் இடப்பக்கம், கடற்கரையில் யாரும் எடுத்து வரக்கூடியது. தகட்டில் அதே சங்கு, அதே இருபது கோடுகள், வாய் வலப்பக்கம்.